திசை தெரியும், தேதி தெரியாது

சித்திரை முதல் நாள் கோயிலில் பஞ்சாங்கம் படிப்பார்கள். இந்த ஆண்டுக்கு ராஜா யார், மந்திரி யார், சேனாதிபதி யார் என்று கிரகங்களுக்கெல்லாம் பொறுப்பு பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். மழைக்கு மேகாதிபதி, விளைச்சலுக்குத் தானியாதிபதி, விலைவாசிக்கு அர்க்காதிபதி. எத்தனை மரக்கால் மழை, எந்தச் சரக்கு விலை ஏறும், எது இறங்கும் என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் சொல்லி முடிந்துவிடும். நீர்மோர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம்.

டிசம்பர் கடைசியில் வணிகப் பத்திரிகைகளும் இதைத்தான் செய்கின்றன. வரும் ஆண்டின் பத்துப் போக்குகள், வளரப்போகும் ஐந்து தொழில்கள், மறையப்போகும் மூன்று வேலைகள். கிரகங்களுக்குப் பதில் நிபுணர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டிலும் ஒரே குறை. அடுத்த ஆண்டு வரும்போது, போன ஆண்டு சொன்னதை எடுத்து வைத்து ஒத்துப் பார்ப்பவர் யாருமில்லை.

எடப்பாடி போன்ற ஊரில் அப்படி ஒத்துப் பார்த்தால் என்ன தெரியும்? சரபங்கா நதி ஓடும் ஊர். மேற்கே பூலாம்பட்டியில் காவிரி. தெருவுக்குள் நுழைந்தால் விசைத்தறிச் சத்தம். சுற்றிலும் மரவள்ளி, கரும்பு, வாழை, பருத்தி. பக்கத்திலேயே கொங்கணாபுரத்தில் பருத்தி ஏலம். ஆற்றில் தண்ணீர் வருமா, கிழங்கு என்ன விலை போகும், புதுத் தறி வாங்கலாமா என்ற மூன்று கேள்விகளும் இங்கே ஒரே குடும்பத்துக்குள் எழலாம். மூன்றும் அடுத்த ஆண்டைப் பற்றியவைதான். ஆனால் மூன்றும் ஒரே வகைக் கேள்வி அல்ல. அங்கேதான் கணிப்பின் அறிவியல் இருக்கிறது.

மழைக்குக் காது இல்லை

முதலில் மழை. இந்தியாவின் முதல் பருவமழை முன்னறிவிப்பு 1886-ல் வெளியானது. வானிலைத் துறையின் தலைவராக இருந்த ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயமலையில் பனி அதிகம் கிடந்தால் அடுத்து வரும் பருவமழை இளைக்கும் என்ற கணக்கில் அதைச் சொன்னார். 1904-ல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜில் படித்த கணித மேதை. உலகின் பல மூலைகளிலிருந்து காற்றழுத்தக் கணக்குகளை வரவழைத்து, எது எதனோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று ஆண்டுக்கணக்கில் கூட்டிக் கழித்துப் பார்த்தார். பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. இந்தத் துலாக்கோல் ஆட்டத்துக்குத் தெற்கு அலைவு என்று பெயர் வைத்தார். இன்று எல் நினோ என்று செய்தியில் கேட்பதன் மறுபாதி அதுதான்.

கடந்த காலத்தில் சேர்ந்து ஆடியது வருங்காலத்திலும் சேர்ந்து ஆடும் என்பது இந்த முறையின் நம்பிக்கை. 1988 முதல் 16 அளவீடுகளை வைத்து ஒரு மாதிரி ஓடியது. பல ஆண்டுகள் நன்றாகவே ஓடியது. 2002-ல் சராசரியில் 101 சதவீத மழை என்று சொன்னது. பெய்ததோ 81 சதவீதம். அதன்பின் அந்த மாதிரியை மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது கடலையும் காற்றையும் கணினிக்குள் ஓடவிடும் பல மாதிரிகளின் விடைகளைச் சேர்த்துக் கணிக்கிறார்கள்.

2023-ஐப் பார்ப்போம். ஏப்ரலில் வானிலைத் துறை சொன்னது 96 சதவீதம், ஐந்து சதவீதம் கூடலாம் குறையலாம். செப்டம்பர் முடிவில் கணக்கிட்டால் 94 சதவீதத்துக்குச் சற்று மேல். சொன்ன வரம்புக்குள்தான். ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டில் மட்டும் 36 சதவீதப் பற்றாக்குறை. 1901-லிருந்து பார்த்தால் அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் இல்லை. குறித்த நாளான ஜூன் 12-ல் டெல்டாவுக்குத் திறந்த மேட்டூர் அணையை அக்டோபரிலேயே மூட வேண்டியதாயிற்று. முன்னறிவிப்பு தேறியது, பயிர் தேறவில்லை.

2024-ல் கதை தலைகீழ். 106 சதவீதம் என்றார்கள். 108-ஐ ஒட்டிப் பெய்தது. ஆனால் ஜூன் 12-ல் அணையைத் திறக்கத் தண்ணீர் இல்லை. ஜூலை தொடக்கத்தில் நீர்மட்டம் 40 அடியை ஒட்டிக் கிடந்தது. குடகிலும் வயநாட்டிலும் கொட்டிய மழையில் கர்நாடக அணைகள் நிரம்பி வழிய, ஜூலை 30-ல் மேட்டூர் தன் முழு அளவான 120 அடியைத் தொட்டது. நல்ல மழை என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. எந்த வாரம் என்பதை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. நாற்று விடுபவருக்கோ அந்த வாரம்தான் வாழ்வு.

ஆண்டுக் கணிப்பின் முதல் பாடம் இது. பெரிய பரப்புக்கும் நீண்ட காலத்துக்கும் கூட்டிச் சொல்வது எளிது. கூட்டலில் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒரு ஊருக்கும் ஒரு வாரத்துக்கும் இறங்கினால் அந்தச் சலுகை கிடையாது. திசை தெரியும், தேதி தெரியாது.

இருந்தாலும் மழையிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அதற்குக் காது இல்லை. நாம் என்ன சொன்னாலும் கேட்காமல் தன் வழியில் பெய்யும். அதனால் இந்த ஆண்டு தவறியதை வைத்து அடுத்த ஆண்டு மாதிரியைத் திருத்த முடிகிறது. சந்தை அப்படி இல்லை.

சந்தைக்குக் காது உண்டு

மரவள்ளியை எடுத்துக்கொள்வோம். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஜவ்வரிசித் தொழிலே யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு விபத்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் கடல் கடந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் போன்றவர்கள் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி உருட்டிப் பார்த்தார்கள். பிறகு ஆலைகள் பெருகின. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1938-ல் எந்த நிபுணரை அழைத்துக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

இன்றைய மரவள்ளி விவசாயியின் சிக்கல் வேறு. குச்சி நட்டால் கிழங்கு பிடுங்கப் பத்து மாதம் வரை ஆகும். ஆலையில் மாவுச்சத்தின் அளவைப் பார்த்து, பாயிண்ட் கணக்கில் விலை போடுவார்கள். நடும்போது தெரிவது இன்றைய விலை. விற்கும்போது கிடைப்பது பத்து மாதம் கழித்த விலை.

கணக்குக்காக ஒரு டன் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நல்ல விலை. பக்கத்துக் காட்டுக்காரரும், அவருக்குப் பக்கத்துக்காரரும், கரும்பை விட்டு மரவள்ளிக்கு மாறுவார்கள். பத்து மாதத்தில் எல்லாருடைய கிழங்கும் ஒன்றாக ஆலை வாசலில் வந்து நிற்கும். ஜவ்வரிசி தின்பவர்கள் பெரும்பாலும் வடக்கே, மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில், விரத நாளில் கிச்சடி செய்பவர்கள். விலை பாதியானது என்பதற்காக யாரும் இரண்டு ஏகாதசி இருக்க மாட்டார்கள். விலை சரியும். வெறுத்துப்போய் அடுத்த முறை பாதிப்பேர் நட மாட்டார்கள். கிழங்கு அருகிப்போய் விலை மறுபடி ஏறும். அப்போது நட்டவர் மட்டும் சிரிப்பார். அவர் சிரிப்பதைப் பார்த்து எல்லாரும் நடுவார்கள்.

இந்தச் சுழலை ஜெர்மனியில் ஆர்தர் ஹனாவ் 1928-ல் பன்றி விலையில் கண்டார். 1934-ல் நிக்கோலஸ் கால்டார் இதற்குச் சிலந்தி வலை என்று பெயரிட்டார். விலையையும் விளைச்சலையும் கோடாக வரைந்தால் படம் சிலந்தி வலையைப் போலச் சுற்றிச் சுற்றி வரும். விலைக்கு விவசாயி காட்டும் வேகம், வாங்குபவர் காட்டும் வேகத்தைவிட அதிகமாக இருந்தால் வலை விரிந்துகொண்டே போகும். குறைவாக இருந்தால் சுருங்கி நடுவில் வந்து அடங்கும்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். சுழல் இருப்பது தெரிந்துவிட்டால், எல்லாரும் நடாதபோது நட்டு லாபம் பார்க்கலாமே? அமெரிக்கப் பொருளியலாளர் ஜான் மூத் 1961-ல் எழுப்பிய கேள்வியும் இதுதான். விவசாயி முட்டாள் இல்லை. சுழல் நிலையாக இருந்தால் அதைப் படித்துக்கொள்வார். பலர் படித்துக்கொண்டால் சுழலே அடங்கிவிடும் என்றார். ஆக, சந்தையைப் பற்றிய உண்மையான கணிப்பு வெளியே தெரிந்த கணத்தில் சந்தை அதைக் கேட்டுவிடுகிறது, கேட்டதும் மாறிவிடுகிறது. மரவள்ளி விலை அடுத்த ஆண்டு உயரும் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை எத்தனை பேர் நம்புகிறார்களோ அந்த அளவுக்கு அது பொய்யாகும்.

அதனால் விலைக் கணிப்பைப் படிக்கும்போது, இது சரியா என்பதைவிட, இதை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று கேட்பது பயனுள்ளது. தன் வட்டாரத்தில் இந்தப் பருவம் எத்தனை ஏக்கர் நடவானது, குச்சிக்கு என்ன கிராக்கி என்பது பத்திரிகைக் கணிப்பைவிட மேலான தகவல். நடவு என்பது ஏற்கெனவே நடந்துவிட்ட வருங்காலம். கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. வெளியே வராமல் போகாது.

வரைபடத்தில் வந்த பூச்சி

ஆனால் அந்தக் கிழங்கையும் விளையவிடாத ஒன்று வந்தது. 2020-ல் கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி முதன்முதலாக இந்தியாவில் கண்டறியப்பட்டது. விரைவில் சேலம், நாமக்கல் காடுகளுக்கும் வந்து சேர்ந்தது. குருத்து சுருண்டு, நுனி கொத்தாகிச் செடி குட்டையாகிவிடும். இந்தப் பூச்சியில் ஆணே தேவையில்லை. பெண் மட்டுமே பெண்களைப் பெற்றுப் பெருகும். ஒரு குச்சியில் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தால் போதும்.

எதிர்பாராத இடி என்றுதான் பலரும் சொன்னார்கள். ஆனால் இது எதிர்பாராததா? 1970-களில் இதே பூச்சி தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய் மரவள்ளியை அழித்தது. 2008-ல் தாய்லாந்துக்கு வந்தது. 2012-ல் ஆய்வாளர்கள் வெப்பம், மழை, வறண்ட மாதங்களை வைத்து, ஆசியாவில் இது எங்கே செழிக்கும் என்று வரைபடம் போட்டார்கள். மிக அதிக ஆபத்துள்ள இடங்களில் ஒன்றாக அவர்கள் சொன்னது கர்நாடகத்தின் தென்முனை. எடப்பாடிக்காரருக்கு அது காவிரிக்கு மேல்கை, அவ்வளவு தூரம்தான்.

எங்கே என்பது எட்டு ஆண்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. எப்போது என்பதை யாராலும் சொல்ல முடியாது. யாருடைய பையில், எந்தக் குச்சிக் கட்டில் வரும் என்பது தற்செயல். இப்படிப்பட்ட கணிப்பை அடுத்த ஆண்டின் பட்டியலில் போட முடியாது. ஆண்டுதோறும் அது நடக்காமல் போகும். நடக்கும் ஆண்டில் எல்லாவற்றையும் புரட்டிப்போடும். இதற்குச் செய்யக்கூடியது ஒன்றுதான்: மருந்தை முன்னாலேயே தயாராக வைத்திருப்பது.

மருந்தும் தெரிந்த மருந்துதான். ஆப்பிரிக்காவில் ஹான்ஸ் ஹெரென் தலைமையிலான குழு, தென் அமெரிக்காவிலிருந்து அனகைரஸ் லோபெசி என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டு இந்தப் பூச்சியை அடக்கியது; அதற்காக 1995-ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியை இந்திய விஞ்ஞானிகள் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்துப் பெருக்கி, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வயலுக்கு விட்டார்கள். பூச்சி வந்து இரண்டு ஆண்டு கழித்துக் குளவி வந்தது. 2012-ன் வரைபடத்தை ஒரு கணிப்பாக மட்டும் வாசிக்காமல் ஒரு வேலைப் பட்டியலாக வாசித்திருந்தால் அந்த இரண்டு ஆண்டு குறைந்திருக்கலாம்.

தறி மாறவில்லை, கல்லாப்பெட்டி மாறிவிட்டது

தொழில்நுட்பத்திலும் இதே கதைதான். நாடா இல்லாமல் நெய்யும் இயந்திரத்தைச் சுவிட்சர்லாந்தின் சுல்சர் நிறுவனம் 1950-களிலேயே விற்கத் தொடங்கியது. ரேப்பியர், ஏர்ஜெட் என்று அடுத்தடுத்து வந்தன. சாதாரண விசைத்தறி நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் ஊடை போட்டால், இவை பல மடங்கு போடும். அன்று ஒருவர் நாடாத் தறி பத்தே ஆண்டில் ஒழியும் என்று கணித்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். எழுபது ஆண்டாகிவிட்டது. எடப்பாடித் தெருவில் நாடாவின் சத்தம் இன்னும் நிற்கவில்லை.

காரணம் நெசவாளரின் பழமைப் பிடிப்பு அல்ல; சுத்தமான கணக்கு. பழைய தறிக்குப் போட்ட பணம் எப்போதோ போட்டது. இனி அதற்கு ஆகும் செலவு மின்சாரமும் கூலியும் உதிரிப்பாகமும் மட்டும். இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தைத் தமிழக அரசு 2023-ல் 1,000 யூனிட்டாக உயர்த்தியது. தார் சுற்ற வீட்டிலேயே ஆள் உண்டு. பழுது பார்க்கத் தெருவிலேயே மெக்கானிக் உண்டு. புது இயந்திரத்துக்கோ முதல், வட்டி, அகலமான கட்டடம், அதைத் தெரிந்த ஆள், தொடர்ந்து பாவு கொடுக்கும் ஆர்டர் என்று எல்லாம் வேண்டும். பழையதை ஓட்டும் செலவு, புதியதை வாங்கி ஓட்டும் மொத்தச் செலவைவிடக் குறைவாக இருக்கும்வரை பழையது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அதே தெருவில் டீக்கடையைப் பாருங்கள். யுபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமானது. அந்த ஆண்டு டிசம்பரில் நாடு முழுக்க நடந்த பரிவர்த்தனை சுமார் 20 லட்சம். 2025 ஆகஸ்டில், ஒரே மாதத்தில், 2,000 கோடியைத் தாண்டியது. ஏன் இவ்வளவு வேகம்? கடைக்காரர் வாங்க வேண்டியது ஒன்றுமில்லை; ஓர் அட்டையை ஒட்டினால் போதும். கைபேசி ஏற்கெனவே சட்டைப்பையில் இருந்தது. வங்கிக் கணக்கு 2014-க்குப் பின் ஜன்தன் வழியாகக் கோடிக்கணக்கானோருக்கு வந்திருந்தது. 2016-ல் இணையம் மலிவானது. பஞ்சு காய்ந்து கிடந்தது. நவம்பர் 8-ல் பணமதிப்பிழப்பு என்ற பொறி விழுந்தது. பொறி விழும் நாளை யாரும் சொல்லியிருக்க முடியாது. பஞ்சு காய்ந்திருப்பதைப் பார்த்திருக்கலாம்.

எனவே ஒரு புதுத் தொழில்நுட்பம் அடுத்த ஆண்டு நம் ஊருக்கு வருமா என்று கேட்கும்போது இயந்திரத்தைப் பார்த்துப் பயனில்லை. அதைச் சுற்றித் தேவைப்படும் மற்றவை ஏற்கெனவே வந்து காத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்கும் இதுவே அளவுகோல். துணியில் பிசிறு கண்டுபிடிக்கும் கேமராவுக்குப் புதுத் தறி வேண்டும், புது முதல் வேண்டும். கைபேசியில் தமிழில் பேசினால் பில் போட்டுக் கொடுக்கும், வடக்கத்தி வியாபாரிக்கு இந்தியில் கடிதம் எழுதிக் கொடுக்கும் செயலிக்கு ஒன்றும் வேண்டாம். இரண்டாவது முதலில் வரும்.

மதிப்பெண் போடும் நோட்டு

இப்படிச் சொல்வதும் கணிப்புதானே? ஆமாம். அதனால் மதிப்பெண் போட வேண்டும். அதற்கு எளிய வழியை 1950-ல் அமெரிக்க வானிலைத் துறையின் கிளென் பிரையர் சொன்னார். வரும், வராது என்று சொல்லாதே; எத்தனை சதவீதம் என்று சொல். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும் என்பதற்கு 70 சதவீதம் என்று எழுதியிருந்தால், திறந்துவிட்டால் ஒன்றிலிருந்து 0.7-ஐக் கழித்து வரும் 0.3-ஐ அதனாலேயே பெருக்கு: 0.09. திறக்காவிட்டால் 0.7-ஐ 0.7-ஆல் பெருக்கு: 0.49. எப்போதும் 50 சதவீதம் என்று நழுவுபவருக்கு எப்போதும் 0.25. பல கணிப்புகளின் சராசரி அந்த 0.25-க்குக் கீழே இருந்தால் ஏதோ தெரிந்து சொல்கிறோம். மேலே போனால் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது.

நோட்டு எழுதத் தொடங்கினால் நினைவு செய்யும் மோசடியும் பிடிபடும். 2020, 2021, 2023 ஆண்டுகளில் மேட்டூர் சரியாக ஜூன் 12-ல் திறந்தது; 2022-ல் மே 24-லேயே திறந்தது. நான்கு ஆண்டு இதைப் பார்த்தவர் 2024-க்கு 90 சதவீதம் என்று எழுதியிருப்பார். ஆனால் அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகள் ஜூன் 12-ல் அணை திறக்கவே இல்லை. 1934-லிருந்து எண்ணினால் பாதிக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் தாமதம்தான். முதலில் நீண்ட கணக்கை எடு, பிறகு இந்த ஆண்டுச் செய்தியை வைத்துக் கொஞ்சம் கூட்டு அல்லது குறை: நல்ல கணிப்பாளர்கள் செய்வது இதைத்தான். பிலிப் டெட்லாக் 284 நிபுணர்களின் கணிப்புகளை இருபது ஆண்டு சேகரித்து 2005-ல் நூலாக்கினார். ஒரே பெரிய தத்துவத்தை வைத்து எல்லாவற்றுக்கும் விடை சொன்னவர்கள் அதிகம் தவறினார்கள். பலதும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்து, சந்தேகத்தோடு பேசியவர்கள் தேறினார்கள். தொலைக்காட்சிக்கு அழைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் முதல் வகை.

என் நோட்டில் அடுத்த சித்திரைக்குள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன்: எடப்பாடித் தறிக்காரர்களில் புதிதாகத் தானியங்கித் தறி வாங்குபவரைவிட, கைபேசிச் செயலியிடம் தமிழில் பேசிக் கணக்கு எழுதத் தொடங்குபவர் அதிகமாக இருப்பார், 80 சதவீதம். தெரிந்த இருபது தறிக்கூடங்களில் கேட்டு எண்ணிப் பார்ப்பேன். சரியானால் 0.04. தவறினால் என் கையாலேயே 0.64 என்று எழுதிக்கொள்வேன்.